ரென் அண்ட் மார்ட்டினில் அட்ஜெக்டிவ் பகுதி: எதைப் படிப்பது, எதைத் தாண்டுவது, எதை வெளியே தேடுவது

டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு, எஸ்.எஸ்.சி. என எதற்குத் தயாரானாலும் ஆங்கில இலக்கணத்துக்கு எல்லாரும் முதலில் கைகாட்டுவது ஒரே புத்தகத்தைத்தான்: பி.சி. ரென், எச். மார்ட்டின் எழுதிய 'ஹை ஸ்கூல் இங்கிலீஷ் கிராமர் அண்ட் காம்போசிஷன்'. 1930-களில் வந்தது. பிறகு என்.டி.வி. பிரசாத ராவ் திருத்தி, எஸ். சந்த் வெளியீடாக இன்றும் விற்கிறது. முழுப் புத்தகத்தையும் எடைபோட ஒரு கட்டுரை போதாது. இங்கே பார்க்கப்போவது அட்ஜெக்டிவ், அதாவது பெயர்ச்சொல்லை விளக்கும் பெயரடை, பகுதியை மட்டும்.

இந்தப் புத்தகம் முதலில் யாருக்காக எழுதப்பட்டது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் அதன் பலம், பலவீனம் இரண்டும் புரிந்துவிடும். இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக எழுதிய நூல் இது. வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்த அந்தப் பிள்ளைகளுக்கு, அட்ஜெக்டிவ் வாக்கியத்தில் எங்கே நிற்கும், எதோடு ஒட்டும் என்பது காதாலேயே தெரியும். அவர்களுக்குத் தெரியாதது அதன் வகையும் பெயரும்தான். நம் நிலைமை நேர் எதிர். 'அட்ஜெக்டிவ் ஆஃப் குவான்டிட்டி' என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவோம். ஆனால் மூன்று அட்ஜெக்டிவ்களை அடுக்கி ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் தடுமாறுவோம். அதனால் இந்தப் பகுதியை அட்டை முதல் அட்டை வரை என்ற முறையில் படிக்கக் கூடாது. சில பக்கங்களைக் கரைத்துக் குடிக்க வேண்டும், சிலவற்றை ஒருமுறை புரட்டினால் போதும், சில விஷயங்களுக்கு வேறிடம் போக வேண்டும்.

பெயர்ச்சொல் அத்தியாயங்கள் முடிந்து, ஆர்ட்டிகிள் ('எ', 'ஆன்', 'தி') தொடங்குவதற்கு முன்னால் அட்ஜெக்டிவுக்கு ஐந்து அத்தியாயங்கள் வரிசையாக இருக்கின்றன. வகைகள், ஒப்பீடு, பெயர்ச்சொல்லாக வரும் அட்ஜெக்டிவ், நிற்கும் இடம், சில அட்ஜெக்டிவ்களின் சரியான பயன்பாடு. இவற்றில் தங்கம் என்று சொல்லத்தக்கவை இரண்டாவதும் ஐந்தாவதும்.

ஒப்பீட்டு அத்தியாயம் இன்றும் அசைக்க முடியாதது. பாசிட்டிவ் ('டால்'), கம்பேரட்டிவ் ('டாலர்'), சூப்பர்லேட்டிவ் ('டாலஸ்ட்') என்ற மூன்று டிகிரிகளையும் எழுத்துக்கூட்டல் விதிகளோடு சேர்த்துத் தருகிறது. 'இ' எழுத்தில் முடிந்தால் 'ஆர்' மட்டும் சேர்ப்பது, 'ஒய்'யில் முடிந்து அதற்கு முன் மெய்யெழுத்து இருந்தால் அந்த 'ஒய்' 'ஐ' ஆவது, ஒரே ஒரு குறில் உயிரும் அதன்பின் ஒரு மெய்யும் உள்ள ஓரசைச் சொல்லில் கடைசி மெய் இரட்டிப்பது எல்லாம் தெளிவாக இருக்கின்றன. அதைவிட முக்கியம், லத்தீனிலிருந்து வந்த 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்', 'இன்ஃபீரியர்', 'பிரயர்' போன்ற சொற்களைத் தனியே பிரித்துக் காட்டி, இவற்றுக்குப் பின் 'தேன்' வராது, 'டு'தான் வரும் என்று அடித்துச் சொல்வது. தமிழில் 'என்னைவிட சீனியர்', 'என்னைவிட உயரம்', 'இதைவிட மட்டம்' என எல்லாவற்றுக்கும் 'விட' ஒன்றே போதும். அந்தப் பழக்கத்தில் 'சீனியர் தேன் மீ' என்பது வாயில் தானாக வந்துவிடும். போட்டித் தேர்வில் பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் இந்த ஒரு புள்ளியைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் அதனால்தான்.

ஒரு டிகிரியிலிருந்து இன்னொரு டிகிரிக்கு மாற்றும் பயிற்சி பள்ளித் தேர்விலும் வரும், போட்டித் தேர்விலும் வரும். பின்னால் வாக்கிய மாற்றம் பற்றிய பகுதியிலும் இதற்குப் பயிற்சி உண்டு. இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். விதி எளிது, ஆனால் ஒருமை பன்மையில்தான் மதிப்பெண் போகிறது. 'ராம் இஸ் தி டாலஸ்ட் பாய் இன் தி கிளாஸ்' என்பதைக் கம்பேரட்டிவாக்கினால் 'ராம் இஸ் டாலர் தேன் எனி அதர் பாய் இன் தி கிளாஸ்'. 'எனி அதர்' வந்தால் பின்னால் ஒருமை. பாசிட்டிவாக்கினால் 'நோ அதர் பாய் இன் தி கிளாஸ் இஸ் ஆஸ் டால் ஆஸ் ராம்'. இங்கேயும் ஒருமை. 'ஒன் ஆஃப் தி' என்று தொடங்கும் வாக்கியத்துக்குக் கணக்கே வேறு. 'சென்னை இஸ் ஒன் ஆஃப் தி பிக்கஸ்ட் சிட்டீஸ் இன் இண்டியா' என்பது 'சென்னை இஸ் பிக்கர் தேன் மோஸ்ட் அதர் சிட்டீஸ் இன் இண்டியா' ஆகும், இங்கே பன்மை. பாசிட்டிவில் 'வெரி ஃபியூ சிட்டீஸ் இன் இண்டியா ஆர் ஆஸ் பிக் ஆஸ் சென்னை'. வினைச்சொல்லும் பன்மைக்கு மாறிவிட்டதைக் கவனியுங்கள்.

'அதர்' என்ற சொல்லை விட்டுவிடுவதுதான் இதில் பெரிய பிழை. 'டாலர் தேன் எனி பாய் இன் தி கிளாஸ்' என்று எழுதினால், ராமும் அந்த வகுப்பில்தானே இருக்கிறான், அவன் தன்னைவிடவே உயரம் என்று பொருளாகிவிடும். 'எல்லாரையும்விட உயரம்' என்று தமிழில் சொல்லும்போது அவனை நீக்கித்தான் சொல்கிறோம் என்பது கேட்பவருக்குப் புரியும். ஆங்கிலத்தில் அந்த நீக்கத்தைச் சொல்லில் காட்டியாக வேண்டும்.

இதே அத்தியாயத்தோடு ஒன்றைச் சேர்த்துப் படியுங்கள். கம்பேரட்டிவுக்கு முன் 'வெரி' வராது. 'வெரி பெட்டர்' தவறு; 'மச் பெட்டர்', 'ஃபார் பெட்டர்' சரி. 'மோர் பெட்டர்', 'மோர் டாலர்' என்று இரட்டைக் கம்பேரட்டிவ் போடுவது எங்கே எழுதினாலும் பிழை. இரண்டு அசைச் சொற்களில் மட்டும் கொஞ்சம் நெகிழ்வு உண்டு. 'கிளவர்', 'நேரோ', 'சிம்பிள்', 'குவையட்' போன்றவை 'இஆர்' சேர்த்தும் வரும், 'மோர்' சேர்த்தும் வரும். ஆனால் ஒரே சொல்லில் இரண்டையும் சேர்க்கக் கூடாது.

ஐந்தாவது அத்தியாயம், சரியான பயன்பாடு, அளவில் சிறியது. பயனில் எல்லாவற்றையும்விடப் பெரியது. 'ஃபியூ', 'எ ஃபியூ', 'தி ஃபியூ' மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் பக்கம் கிடைப்பது அரிது. 'ஃபியூ' என்றால் கிட்டத்தட்ட இல்லை. அதில் எதிர்மறை தொனிக்கும். 'எ ஃபியூ' என்றால் கொஞ்சம் இருக்கிறது, நேர்மறை. 'தி ஃபியூ' என்றால் அதிகம் இல்லை, ஆனால் இருந்த அத்தனையும். இதற்குப் பின்னால் 'எந்த' என்று விளக்கும் ஒரு தொடர் வந்தாக வேண்டும். 'ஹி லாஸ்ட் தி ஃபியூ ஃப்ரெண்ட்ஸ் ஹி ஹேட்' என்றால் இருந்த ஒன்றிரண்டு நண்பர்களையும் இழந்தான். இதே மூன்று நிலை 'லிட்டில்' சொல்லுக்கும் பொருந்தும். எண்ண முடிந்தால் 'ஃபியூ', எண்ண முடியாததற்கு 'லிட்டில்'. கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியில், காலி இடத்துக்கு முன்னால் பார்க்காமல் பின்னால் பாருங்கள். பெயர்ச்சொல்லுக்கு அடுத்து 'ஹி ஹேட்', 'ஐ ஹேவ்' போன்ற விளக்கம் தொங்கினால், அநேகமாக 'தி' வரும் விடைதான் சரி.

'எல்டர்', 'ஓல்டர்' பற்றிய பத்தியும் நமக்கென்றே எழுதியது போல இருக்கிறது. 'எல்டர்' ஆட்களுக்கு மட்டும், அதுவும் ஒரே குடும்பத்துக்குள். 'மை எல்டர் பிரதர்' சரி. ஆனால் 'ஹி இஸ் எல்டர் தேன் மீ' தவறு. 'தேன்' வந்தால் 'ஓல்டர்'தான். 'லேட்டர்', 'லாட்டர்' இரண்டும் ஒலியில் நெருங்கியவை என்பதால் எழுதும்போது குழப்பம் வரும். முதலாவது காலம் பற்றியது, இரண்டாவது இருவரில் அல்லது இரண்டில் பின்னால் சொன்னது. 'ஃபார்தர்', 'ஃபர்தர்' பிரிவினை இப்போது அவ்வளவு கண்டிப்பாக யாரும் பார்ப்பதில்லை. தூரத்துக்கு இரண்டுமே புழங்குகின்றன; 'மேற்கொண்டு' என்ற பொருளுக்கு மட்டும் 'ஃபர்தர்' நிலையானது.

இனி குறைகள். முதல் அத்தியாயத்தில் குணம், அளவு, எண், சுட்டு, வினா என்று வகை பிரித்து, 'திஸ்', 'தட்', 'சம்', 'ஈச்', 'விச்' எல்லாவற்றையும் அட்ஜெக்டிவ் என்றே வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து வழக்கம் அது. தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் இன்றைய இலக்கணம் இவற்றை டிட்டர்மினர் (எது, யாருடையது, எத்தனை என்று பெயர்ச்சொல்லை வரையறுக்கும் சொல்) என்று தனியாகப் பிரிக்கிறது, சி.பி.எஸ்.இ. பாடத்திலும் அது தனித் தலைப்பு. பெயர் மாற்றம் மட்டும் என்று நினைத்து இதைத் தாண்டிவிடாதீர்கள். பிரித்துப் பார்க்காவிட்டால் ஒரு பிழை தொடர்ந்து வரும்.

தமிழில் 'என்னுடைய இந்தப் புத்தகம்' என்று இயல்பாகச் சொல்கிறோம். 'மை', 'திஸ்' இரண்டும் அட்ஜெக்டிவ் என்றால், 'பிக் ரெட்' என்று இரண்டை அடுக்குவது போல 'மை திஸ் புக்' என்றும் அடுக்கலாமே? அடுக்க முடியாது. 'எ', 'தி', 'மை', 'ஹிஸ்', 'திஸ்', 'தட்', 'ஈச்', 'சம்' ஆகியவை எல்லாம் பெயர்ச்சொல் தொடரின் தலைவாசலில் ஒரே இருக்கைக்குப் போட்டியிடுபவை. ஒன்று உட்கார்ந்தால் மற்றதற்கு இடமில்லை. எனவே 'திஸ் புக் ஆஃப் மைன்' என்று ஒன்றைப் பின்னால் தள்ள வேண்டும். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்', 'எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்' என்ற அமைப்புகள் இருப்பதற்கும் காரணம் இதுதான். ஒரு சொல் உண்மையான அட்ஜெக்டிவா என்று பார்க்க எளிய சோதனை: அதன் முன் 'வெரி' போடுங்கள். 'வெரி டால்' நிற்கிறது. 'வெரி திஸ்' நிற்கவில்லை. எல்லா அட்ஜெக்டிவும் இந்தச் சோதனையில் தேறாது, ஆனால் டிட்டர்மினரை வடிகட்ட இது போதும். வகை கேட்கும் தேர்வில் மட்டும் புத்தகத்தின் பழைய பெயர்களையே எழுதுங்கள்.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. நிற்கும் இடம் பற்றி ஒரு அத்தியாயமே வைத்துவிட்டு, அதில் 'ஏர் அப்பேரன்ட்', 'நோட்டரி பப்ளிக்', 'டைம் இம்மெமோரியல்' போன்ற உறைந்துபோன தொடர்களுக்கு இடம் தந்திருக்கிறார்கள். நீதிமன்ற வாசல் பெயர்ப்பலகைகளில் 'நோட்டரி பப்ளிக்' என்று பார்த்தவர்களுக்கு அட்ஜெக்டிவ் ஏன் பின்னால் நிற்கிறது என்ற விளக்கம் சுவையானதுதான். ஆனால் தினமும் தேவைப்படுவது வேறு. பல அட்ஜெக்டிவ் ஒரே பெயர்ச்சொல்லுக்கு முன் வந்தால் எது முதலில்? வரிசை இது: அபிப்பிராயம், பரிமாணம், வயது, வடிவம், நிறம், பூர்வீகம், செய்பொருள், பயன். 'எ பியூட்டிஃபுல் ஸ்மால் ஓல்ட் ரவுண்ட் பிரவுன் இண்டியன் வுடன் டேபிள்' என்று யாரும் இயல்பாக எழுதப்போவதில்லை. இரண்டு, அதிகம்போனால் மூன்றுதான் வரும். வயதும் வடிவமும் சில சமயம் இடம் மாறும். அடித்தளம் ஒன்றுதான்: பார்ப்பவரின் மதிப்பீடு பெயர்ச்சொல்லிலிருந்து தள்ளி நிற்கும், பொருளிலேயே கலந்துள்ள தன்மை ஒட்டி நிற்கும். 'வுடன் ஓல்ட் டேபிள்' காதில் உறுத்துவதற்கு அதுதான் காரணம்.

காற்புள்ளி எங்கே என்பதையும் இதிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். இரண்டு அட்ஜெக்டிவும் ஒரே வகை என்றால் இடம் மாற்றலாம், நடுவில் 'அண்ட்' போடலாம், காற்புள்ளியும் போடலாம்: 'எ போரிங், டயரிங் ஜர்னி'. வேறு வேறு வகை என்றால் மாற்றவும் முடியாது, காற்புள்ளியும் வராது: 'எ ஸ்மால் ரெட் கார்'. இரண்டு நிறங்கள் வந்தால் மட்டும் 'அண்ட்' கட்டாயம்: 'எ பிளாக் அண்ட் ஒயிட் சாரி'.

பெயர்ச்சொல்லுக்கு முன் வரவே கூடாத அட்ஜெக்டிவ்கள் உண்டு என்பதும் நம் மாணவர்கள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கிறது. 'அஸ்லீப்', 'அவேக்', 'அலைவ்', 'அஃப்ரெய்ட்', 'அலோன்', 'அலைக்' ஆகியவை வினைக்குப் பின்தான் வரும். 'தி சைல்ட் இஸ் அஸ்லீப்' சரி, 'ஆன் அஸ்லீப் சைல்ட்' பிழை. அந்த இடத்துக்கு 'எ ஸ்லீப்பிங் சைல்ட்'. 'அலைவ்' சொல்லுக்குப் பதில் 'லிவிங்', 'அஃப்ரெய்ட்' சொல்லுக்குப் பதில் 'ஃப்ரைட்டண்ட்', 'அலைக்' சொல்லுக்குப் பதில் 'சிமிலர்'. 'அஸ்லீப்', 'அலைவ்' போன்றவற்றின் முன்னால் உள்ள 'அ' பழைய ஆங்கிலத்தில் 'ஆன்' என்ற ப்ரெபோசிஷனாக (முன்னிடைச்சொல்லாக) இருந்தது. 'உறக்கத்தில்', 'உயிரில்' என்ற தொடர்களே ஒற்றைச் சொல்லாகச் சுருங்கின. தொடராக இருந்த பழைய குணம் இன்னும் போகாததால் பெயர்ச்சொல்லுக்கு முன் ஒட்ட மறுக்கின்றன. 'வெரி அஸ்லீப்' என்று சொல்லாமல் 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்பதும், 'வைட் அவேக்' என்பதும் அதே குணம்தான். எதிர்ப்பக்கமும் உண்டு. 'மெயின்', 'மியர்', 'அட்டர்' ஆகியவை பெயர்ச்சொல்லுக்கு முன் மட்டுமே வரும். 'திஸ் ரீசன் இஸ் மெயின்' என்று எழுத முடியாது.

இடம் மாறினால் பொருளே மாறும் சொற்களில் நம் அலுவலகங்களை நேரடியாகத் தொடுவது 'கன்சர்ன்ட்'. மனு, சுற்றறிக்கை, மின்னஞ்சல் எல்லாவற்றிலும் 'தி கன்சர்ன்ட் ஆபீசர்' என்று எழுதுகிறோம். இந்தியாவுக்குள் இது எல்லாருக்கும் புரியும், பழக்கத்தில் நிலைத்தும் விட்டது. ஆனால் பிரிட்டன், அமெரிக்க வழக்கில் அட்ஜெக்டிவ் முன்னால் வந்தால் 'கவலைப்படும் அதிகாரி' என்று பொருள். சம்பந்தப்பட்ட அதிகாரி என்றால் 'தி ஆபீசர் கன்சர்ன்ட்'. 'ப்ரெசென்ட்' சொல்லும் அப்படியே. 'தி ப்ரெசென்ட் மெம்பர்ஸ்' என்றால் இப்போதைய உறுப்பினர்கள். 'தி மெம்பர்ஸ் ப்ரெசென்ட்' என்றால் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள். கூட்டக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இந்த ஒரு வேறுபாடு மிக அவசியம்.

இவற்றுக்கு ரென் அண்ட் மார்ட்டினை நம்பாமல், ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷ்னரியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அட்ஜெக்டிவ் ஒன்றைத் தேடினால் பொருளுக்கு முன்னால் சதுர அடைப்புக்குள் 'நாட் பிஃபோர் நவுன்', 'ஒன்லி பிஃபோர் நவுன்', 'யூஷுவலி பிஃபோர் நவுன்' என்று குறிப்பு இருக்கும். பலர் அதைப் பார்க்காமலேயே பொருளுக்குத் தாவிவிடுகிறார்கள். குறிப்பு ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக இருக்கலாம் என்பதால், உங்கள் வாக்கியத்துக்குரிய பொருளின் குறிப்பைத்தான் பார்க்க வேண்டும். அட்ஜெக்டிவ்களின் வரிசையை மட்டும் அகராதிப் பதிவு சொல்லாது; மேலே உள்ள வரிசையை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

'போரிங்', 'போர்ட்' சிக்கலையும் புத்தகத்தின் இந்தப் பகுதியில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உணர்வை உண்டாக்குவது 'இங்', உணர்பவர் 'இடி'. வகுப்பு 'போரிங்', மாணவர் 'போர்ட்'. 'ஐ ஆம் போரிங்' என்றால் நான் மற்றவர்களைச் சலிப்படையச் செய்பவன் என்று நாமே சான்றிதழ் கொடுத்ததாகிவிடும். 'இன்ட்ரஸ்டட்', 'டயர்ட்', 'கன்ஃபியூஸ்ட்' எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

இன்னொன்று: ஆங்கில அட்ஜெக்டிவுக்குப் பன்மை இல்லை. பெயர்ச்சொல்லே அட்ஜெக்டிவ் வேலை செய்யும்போதும் அது ஒருமையாகிவிடும். 'டென் ருபீஸ்' என்பவர் 'எ டென்-ருபீ நோட்' என்றுதான் எழுத வேண்டும். 'எ த்ரீ-அவர் எக்ஸாம்', 'எ ஃபைவ்-இயர்-ஓல்ட் பாய்' எல்லாம் அதே போல. நடுவில் இணைப்புக்கோடு கட்டாயம். ஆனால் 'தி பாய் இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்ட்' என்று பின்னால் வந்தால் பன்மையும் திரும்பிவிடும், கோடும் போய்விடும்.

அட்ஜெக்டிவுக்குப் பின் எந்த ப்ரெபோசிஷன் என்பதற்கான பட்டியல் இந்தப் புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் அட்ஜெக்டிவ் அத்தியாயங்களில் இல்லை. ப்ரெபோசிஷன் பகுதிக்குப் போனால் எந்தெந்தச் சொல்லுக்கு எது வரும் என்று தொகுத்திருப்பார்கள். 'கேப்பபிள் ஆஃப்', 'மேரீட் டு', 'குட் அட்', 'டிஃபரன்ட் ஃப்ரம்' போன்றவற்றை அட்ஜெக்டிவோடு சேர்த்தே மனப்பாடம் செய்வது நல்லது. 'மேரீட் வித்' என்ற பிழை 'உடன்', 'ஓடு' என்ற தமிழ் உருபுகளின் தாக்கத்தில் வருவது. பட்டியலைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிப் பழகினால்தான் போகும்.

வாங்கும்போது: வண்ணப் பதிப்பு, சாதாரணப் பதிப்பு என்று இரண்டு கிடைக்கும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குச் சாதாரணப் பதிப்பே போதும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வண்ணப் பதிப்பின் பக்க அமைப்பு கண்ணுக்கு எளிது. பயிற்சிகளுக்கான விடைகள் இதில் இல்லை. 'கீ' என்ற தனிப் புத்தகத்தையும் சேர்த்து வாங்குங்கள். ஆசிரியர் இல்லாமல் தானாகப் படிப்பவர் அது இல்லாமல் இந்தப் பயிற்சிகளைச் செய்தால், தவறையே சரியென்று பழகிவிடும் ஆபத்து உண்டு. நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் நகல் பிரதிகளைத் தவிர்ப்பது நல்லது. ஒப்பீட்டு அட்டவணையில் ஒரு எழுத்து மங்கினாலும் எழுத்துக்கூட்டலைத் தவறாகப் படித்துவிடுவோம். பழைய பதிப்பு கையில் இருந்தால் இந்த ஐந்து அத்தியாயங்களுக்காகப் புதியது வாங்கத் தேவையில்லை, ஆனால் அதே பதிப்புக்கான 'கீ'தானா என்று பயிற்சி எண்களை ஒத்துப் பார்த்த பிறகு அதை வாங்குங்கள்.